ஐந்துக்குப் பின்னால் பதினொரு பூஜ்யம்

கேஷ் கவுண்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த நோட்டு வந்தாலும் முதலில் விரல் தடவிப் பார்க்கும், அப்புறம்தான் கண் பார்க்கும். பழைய நோட்டு சேகரிக்கும் நண்பர் ஒருவர், யூகோஸ்லாவியாவின் 1993-ஆம் வருட நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தபோதும் அப்படித்தான். தாள் ஒன்றும் மட்டமில்லை. ஒரு பக்கம் தாடிவைத்த பெரியவர் படம். ஸ்மாய் என்ற புனைபெயரில் எழுதிய செர்பியக் கவிஞர், மருத்துவரும்கூட. பூஜ்யங்களை எண்ணினேன். நம்பிக்கை வராமல், பேனா முனையை ஒவ்வொன்றாக நகர்த்தி மறுபடி எண்ணினேன். 11. ஐந்துக்குப் பின்னால் பதினொரு பூஜ்யம். அதாவது 50,000 கோடி தினார்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு இதை வெச்சு அவங்க என்ன வாங்கியிருப்பாங்களோ, அதைவிட அதிகம் கொடுத்து" என்று சிரித்தார்.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் டிராகோஸ்லாவ் அவ்ராமோவிச்சைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பொருளாதார நிபுணராக வாழ்நாள் முழுக்க இருந்து, 74 வயதில் ஒரு நாட்டின் பணத்தைத் தூக்கி நிறுத்தி, அதற்குப் பிறகு அரசியலுக்குள் இழுக்கப்பட்ட மனிதர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிசயம் என்கிறார்கள். எனக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை. ஓர் அலுவலகக் கதையாகத்தான் தெரிகிறது.

முதலில் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை, பழைய யூகோஸ்லாவியா உடைந்த பிறகு செர்பியாவும் மான்டிநீக்ரோவும் சேர்ந்து அமைத்த புதிய யூகோஸ்லாவியாவின் மீது பொருளாதாரத் தடை விதித்தது. பக்கத்தில் போஸ்னியாவில் போர். ஏற்றுமதி நின்றது, தொழிற்சாலைகள் படுத்தன, ஆனால் சம்பளமும் ஓய்வூதியமும் போர்ச் செலவும் நிற்கவில்லை. வரி வசூல் போதவில்லை. மிச்சத்துக்கு மத்திய வங்கி அச்சடித்துக் கொடுத்தது.

இதில் வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத ஒரு சங்கதி உண்டு. விலை வேகமாக ஏறும்போது, அரசுக்கு வரவேண்டிய வரியும் வந்து சேர்வதற்குள் கரைந்துபோகும். இந்த மாதத்து விற்பனைக்கான வரி அடுத்த மாதம் வருகிறது என்றால், அதற்குள் அது காகிதம். அதனால் இன்னும் அச்சடிக்க வேண்டும். அச்சடித்தால் விலை இன்னும் ஏறும், வரி இன்னும் கரையும். செக்குமாடு மாதிரி ஒரே சுற்று, ஆனால் சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும்.

1994 ஜனவரியில் ஒரே மாதத்தில் விலைகள் ஏறியது சுமார் 31 கோடி சதவீதம். இந்த எண்ணை வைத்து யாருக்கும் எதுவும் புரியாது, எனக்கும் புரியவில்லை. மணிக்கணக்கில் சொன்னால் புரியும்: ஏறத்தாழ 34 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பானது. இன்று காலை 9 மணிக்குக் கவுண்டரைத் திறந்தால், நாளை ராத்திரி 7 மணிக்குள் பெட்டியில் இருக்கும் பணத்தின் மதிப்பு பாதி. யாரும் திருடவில்லை, கணக்கு சரியாக இருக்கிறது, ஆனாலும் பாதி போய்விட்டது. ஒரு கேஷியருக்கு இதைவிடக் கெட்ட கனவு இருக்க முடியாது.

காசோலையின் கதை இன்னும் விசித்திரம். கடையில் சாமான் வாங்கிவிட்டு காசோலை எழுதிக் கொடுத்தால், அது வங்கிக்குப் போய்க் கணக்கில் கழிக்கப்படுவதற்குள் தொகை ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். எழுதியவருக்குச் சாமான் கிட்டத்தட்ட இலவசம். கடைக்காரர் எத்தனை நாள் ஏமாறுவார்? சாமானை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தலைநகர் பெல்கிரேடின் தெருக்களில் ஜெர்மன் மார்க் விற்பவர்கள் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி "தெவீசே, தெவீசே" என்று முணுமுணுப்பார்கள். அந்நியச் செலாவணி என்று அர்த்தம். சம்பளம் வாங்கிய கையோடு அவர்களிடம் ஓடி, கிடைத்த மார்க்கை வாங்கி மடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, வங்கியில் போட்டு வைக்கலாமே என்றால், அந்த நம்பிக்கையும் முன்பே போய்விட்டது. ஜனங்கள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்துப் போட்டிருந்த அந்நியச் செலாவணிச் சேமிப்பை வங்கிகள் 1990-களின் தொடக்கத்திலேயே முடக்கிவிட்டன. தப்பித்ததைத் தனியார் வங்கிகள் வாரிக்கொண்டன. டாஃபினா மிலானோவிச் என்ற பெண்மணியின் டாஃபிமென்ட் வங்கி ஒன்று, யெஸ்திமிர் வாசில்யேவிச்சின் யூகோஸ்காண்டிக் இன்னொன்று. மாத வட்டியைக் கேட்டால் நம் ஊர் கந்துவட்டிக்காரரே வெட்கப்படுவார். சதுரங்கப் பிரியர்களுக்கு இரண்டாவது ஆசாமியைத் தெரிந்திருக்கும்: 1992-இல் பாபி ஃபிஷரையும் போரிஸ் ஸ்பாஸ்கியையும் 50 லட்சம் டாலர் பரிசுத்தொகை வைத்து மறுபடி மோதவிட்டவர் இவர்தான். மறுவருடம் இரண்டு நிறுவனங்களும் விழுந்தன. வாசில்யேவிச் நாட்டைவிட்டே போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் கிழவரைக் கூப்பிடுகிறார்கள்.

அவ்ராமோவிச் 1919-இல் ஸ்கோப்யேயில் பிறந்தவர். பெல்கிரேடில் படித்தவர். 1950-களில் உலக வங்கிக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஏழை நாடுகள் எவ்வளவு கடன் தாங்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பிறகு மேற்கு ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் வில்லி பிராண்ட் தலைமையில் உலகின் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் பற்றி ஆராய்ந்த ஆணையத்தின் செயலகத்தை நடத்தினார். அப்புறம் ஜெனீவாவில் ஐ.நா. வேலை. அதாவது, அறிக்கை எழுதுகிற வேலை. எங்கள் வங்கியில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை அனுப்புகிறவர்களைப் பற்றி நாங்கள் கிளைகளில் பேசிக்கொள்வது இங்கே எழுதத் தக்கதல்ல. அவர்கள் ஒருநாள் கவுண்டரில் உட்கார்ந்தால் தெரியும் என்போம். அவ்ராமோவிச் உட்கார்ந்தார். அதுவும் 74 வயதில், உலகத்திலேயே மோசமான கவுண்டரில்.

1994 ஜனவரி 24 அன்று அவருடைய குழு தயாரித்த திட்டம் அமலுக்கு வந்தது. புதிய தினார் ஒன்றுக்கு ஜெர்மன் மார்க் ஒன்று. பழைய தினாரில் ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தால்தான் புதியது ஒன்று. இதற்கு முன்பும் பூஜ்யங்களை வெட்டியிருந்தார்கள். 1993 அக்டோபரில் ஆறு, 1994 ஜனவரி 1 அன்று ஒன்பது. வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்தது. பூஜ்யத்தை வெட்டுவது முடிவெட்டுவது மாதிரிதானே, வேர் உள்ளே இருக்கிறது.

இந்த முறை மாறியது பூஜ்யம் அல்ல. கையிருப்பில் இருக்கும் அந்நியச் செலாவணிக்கும் தங்கத்துக்கும் ஈடாக மட்டும்தான் புதிய தினார் வெளியிடப்படும். அரசின் பற்றாக்குறைக்கு அச்சடித்துத் தருவதில்லை. அவ்வளவுதான் சாரம். பிப்ரவரியில் விலைகள் ஏறவே இல்லை. தலையணை உறைக்குள் மார்க் வைத்திருந்தவர்கள் அதை எடுத்துவந்து தினாராக மாற்றிக்கொண்டார்கள். கடை அலமாரிகள் நிறைந்தன. மார்ச் மாதம் அவரையே மத்திய வங்கியின் கவர்னர் ஆக்கினார்கள். ஜனங்கள் அவரை 'டெடா அவ்ராம்' என்றார்கள், அவ்ராம் தாத்தா. 'சூப்பர் தாத்தா' என்றும் ஒரு பெயர். ஒரு மத்திய வங்கி கவர்னரைத் தெருவில் போகிறவர்கள் தாத்தா என்று கூப்பிட்டதாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தத் திட்டத்தில் இருக்கும் பொருளாதாரத்தைக் கல்லூரி மாணவன்கூட எழுதிவிடுவான். அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்கும் அச்சடித்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. தெரியும். கேட்டு வருகிறவரிடம் "இல்லை" என்று சொல்ல முடியவில்லை. அவ்ராமோவிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவருடைய படிப்பு என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்த நாற்காலி தேவைப்படவில்லை. சேர்த்த பெயர் வெளியே இருந்தது, வாழ்ந்த வாழ்க்கை வெளியே இருந்தது. இழக்க ஒன்றுமில்லாதவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால்தான் அந்த ஒரு சொல் வாயிலிருந்து வரும் என்ற கட்டத்துக்கு நாடு வந்திருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது செர்பியாவின் அதிபராக இருந்த ஸ்லோபோதான் மிலோசெவிச்சுக்கும் அந்த 'இல்லை' அன்றைக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்டவரை அனுமதித்தார்.

தேவை சீக்கிரமே மாறியது. அறுவடை வந்தது, கோதுமை வாங்கப் பணம் வேண்டும். நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களில் சம்பளம் போட வேண்டும். கேட்பது எல்லாமே நியாயமான செலவுதான். விவசாயிக்குக் கொடுக்காதே என்று யார் சொல்வார்? 1994 இறுதிக்குள் மறுபடி பணம் தாராளமாக ஓட ஆரம்பித்து, விலை ஏறியது. ஒன்றுக்கு ஒன்று என்பது காகிதத்தில் மட்டும் இருந்தது; தெருவில் மார்க்குக்கு வேறு விலை. 1995 நவம்பரில் அதிகாரபூர்வமாகவே ஒரு மார்க்குக்கு 3.3 தினார் ஆனது. தாத்தாவின் 'இல்லை'க்கும் ஒரு கெடு இருந்தது. அதை அவருடைய ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சிறிய ஊர்க் கிளையில் நான் மேனேஜராக இருந்தபோது ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. அடமானமாகக் காட்டிய சொத்தின் மதிப்பு சரியில்லை. கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன்; மதிப்பீட்டாளர் எழுதியதில் பாதிகூடத் தேறாது. திருப்பி அனுப்புவதாகக் குறிப்பு எழுதினேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது. மிரட்டல் எல்லாம் இல்லை. மிக அன்பாக, "நீங்க கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா இருக்கலாமே சார்" என்றார்கள். ஊருக்கு வேலைவாய்ப்பு வரும் என்றார்கள். வீட்டில் பெண்ணுக்குக் கல்லூரிச் சேர்க்கை நேரம், வடக்கே எங்காவது மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று மனசு கணக்குப் போட்டது. இரண்டு நாள் ஃபைலை மேஜையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என் குறிப்பை எடுத்துவிட்டு வேறு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அது வாராக்கடன் ஆனது. ஆனால் அதற்கு முன்பே எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது.

அவ்ராமோவிச் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. தடைகள் தளர்ந்த பிறகு, நாடு சர்வதேச நாணய நிதியத்திலும் உலக வங்கியிலும் திரும்பச் சேர வேண்டும், நிறுவனங்களைத் தனியார்மயமாக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அப்படிச் சேர, பழைய யூகோஸ்லாவியாவின் ஒரே வாரிசு நாங்கள்தான் என்ற பிடிவாதத்தை விட வேண்டியிருந்தது; அரசு அதற்குத் தயாராக இல்லை. அவர் வெளிப்படையாகவே பேசினார். 1996 மே மாதம் கூட்டாட்சி நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. எழுபத்தாறு வயதில் வேலை நீக்கம்!

அவர் அரசியல்வாதி ஆனது இதற்குப் பிறகுதான். வூக் திராஷ்கோவிச், சோரான் ஜின்ஜிச், வெஸ்னா பெஷிச் ஆகியோர் சேர்ந்து அமைத்த 'சாயெத்னோ' என்ற எதிர்க்கட்சிக் கூட்டணி, அந்த வருட நவம்பர் கூட்டாட்சித் தேர்தலுக்கு அவரை முன்னிறுத்தியது. 'சேர்ந்து' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சேர்ந்து நிற்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாத்தா தேவைப்பட்டிருக்கிறார். ஆனால் வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்னால், உடல்நலத்தைக் காரணம் சொல்லி அவர் விலகிக்கொண்டார். கூட்டணி அந்தத் தேர்தலில் தோற்றது. அதே மாதம் உள்ளாட்சித் தேர்தலில் பெரிய நகரங்களை வென்று, அந்த வெற்றியை அரசு மறுத்து, ஜனங்கள் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெருவில் நின்றது தனிக்கதை.

1999-இல், நேட்டோ குண்டுவீச்சு முடிந்த பிறகு, எதிர்க்கட்சிகள் மறுபடி அவர் பெயரையே எடுத்தன. இடைக்கால அரசுக்குத் தலைமை தாங்க அவர்தான் பொருத்தம் என்றார்கள். அவருக்கு அப்போது எண்பது நெருங்குகிறது. அது நடக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு மனிதர் ஒருமுறை சரியாகச் சொன்ன 'இல்லை'யை எத்தனை முறை போஸ்டரில் ஒட்டுவார்கள்?

2000 அக்டோபர் 5 அன்று மிலோசெவிச் விழுந்தார். மத்திய வங்கி கவர்னர் பதவிக்கு வந்தவர் ம்லாஜன் டின்கிச், 35 வயதுப் பொருளாதார ஆசிரியர். அவர் வேறு ரகம். 2002 தொடக்கத்தில் நாட்டின் நான்கு பெரிய வங்கிகளை ஒரே மூச்சில் மூடியவர். பிறகு நிதியமைச்சர், கட்சித் தலைவர். கவர்னராக இருந்தபோதே ராக் குழு வைத்து கிட்டார் வாசித்திருக்கிறார். எங்கள் வட்டார மேலாளர்களில் ஒருவர்கூடப் புல்லாங்குழல் ஊதி நான் பார்த்ததில்லை. நாற்காலியில் நீடிக்கத் தெரிந்தவர் டின்கிச். அதில் தப்பு ஒன்றுமில்லை, நீடிக்காமல் அமைச்சர் வேலை பார்க்க முடியாது. ஆனால் அவரைத் தெருவில் யாரும் செல்லப் பெயர் சொல்லிக் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

அவ்ராமோவிச் 2001 பிப்ரவரி 26 அன்று, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் என்ற ஊரில் காலமானார்.

அந்த 50,000 கோடி தினார் நோட்டு இப்போது என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. நோட்டைப் பார்த்தால் கையெழுத்தைப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அதில் இருப்பது அவ்ராமோவிச்சின் கையெழுத்து அல்ல, அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவருடையது. அவருக்கும் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண் இருந்தாளோ என்னவோ. எங்கோ ஒரு கிளையின் ரெக்கார்டு ரூமில், தூசி படிந்த ஒரு ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இருப்பது என்னுடையது.