யாரைக் கேட்டுப் படைப்பு வச்சீங்க?

கண்காட்சி திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. நான் ஏணியின் உச்சியில் நின்று கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கீழே இருந்து போனை நீட்டினார். "கோயம்புத்தூர்ச் செட்டியார். கோவமா இருக்காக."

"ஏன் ஆத்தா, யாரைக் கேட்டுப் படைப்பு வச்சீங்க? பங்காளிக ஒருத்தருக்கும் சேதி சொல்லலையே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசிப் பேசித்தான் விஷயம் பிடிபட்டது. 'நான்கு கலைஞர்கள், இருபது படைப்புகள்' என்று நாங்கள் அடித்த சுவரொட்டியை யாரோ படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நகரத்தார் வீட்டில் படைப்பு என்றால் அது வேறு. பங்காளிகள் எல்லாரும் கூடி, புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்து, குடும்பத்து முன்னோருக்குப் படைப்பது. ஒரு பங்காளிக்குச் சொல்லாமல் விட்டால்கூட வருஷக்கணக்கில் மனத்தாங்கல் நிற்கும். நாங்களோ இருபது வைப்பதாக ஊருக்கே அறிவித்திருந்தோம்.

"ஐயா, இது படம், சிலை, அந்த மாதிரி..."

"படம்னு போட வேண்டியதுதானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு உட்கார்ந்து எல்லா விளக்க அட்டைகளிலும் 'படைப்பு' என்ற சொல்லின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன்.

சென்னையில் காலரிகளுக்குப் படம் மாட்டிக் கொடுப்பது என் தொழில். விசிட்டிங் கார்டில் 'இன்ஸ்டலேஷன்' என்று இருக்கும். அம்மாவைக் கேட்டால் ஆணி அடிக்கிற வேலை என்பார். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பழைய வீடொன்றில் நான்கு கலைஞர்கள் ஆறு வாரம் தங்கி வேலை செய்கிறார்கள், கடைசியில் அங்கேயே காட்சி, வந்து மாட்டிக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். தங்கி வேலை செய்வது என்றால் எனக்கு ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம்தான் நினைவுக்கு வரும். அங்கே 1966இல் கலைஞர்கள் தாங்களே நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இங்கே வீடு ஏற்கெனவே நிற்கிறது. அதுவும் பதினொரு பங்காளிகளுக்குச் சொந்தமாக. பத்துப் பேரிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டது. பதினோராமவருக்குப் போட்ட கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டதாம். அவர்தான் போனில் வந்தவர். வளவில், அதாவது உள்முற்றத்துப் பகுதியில், பூட்டியே கிடந்த ஓர் அறையும் அவருடையதுதான்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நூல் பிடித்தாற்போல் போகும். வளவு முற்றத்தைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. தூணும் உத்திரமும் பர்மாத் தேக்கு. நகரத்தார் ஊர்கள் 96 என்பது பழைய கணக்கு, இன்று 70க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு 2014இல் சேர்ந்தது. இந்த விவரமெல்லாம் எங்கள் அறிமுகப் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

என் தலைவலி சுவர்தான். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர். கை வைத்தால் பீங்கான் மாதிரி வழுவழுவென்று இருக்கும். இதில் டிரில் போட்டால் ஓட்டை மட்டும் விழாது, சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். திரும்பப் பூசக் கொத்தனார் கிடைப்பார். பூசிய இடம் காலத்துக்கும் தனியாகத் தெரியும். ஆக, ஆணி கிடையாது. ஒட்டும் நாடாவும் கிடையாது, உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். ஆணி அடிக்கிறவளை ஆணி கூடாத வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

மூன்று நாள் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் இந்த வீடு தானே நிறையத் தொங்கவிட்டிருக்கிறது என்பது உறைத்தது. ஊஞ்சல் சங்கிலிக்கு வளையம், சரவிளக்குக்குக் கொக்கி, சுவர் உச்சியில் ஓடும் மரச்சட்டத்தில் வரிசையாகக் குடும்பப் படங்கள். காலரியில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம், நிற்பவரின் கண்மட்டம் அது. இங்கே படங்கள் ஆளுயரத்துக்கும் மேலே, தலை குனிந்தாற்போல் முன்னால் சாய்ந்து தொங்குகின்றன. நாம் அவர்களைப் பார்ப்பதற்காக மாட்டியதாகத் தோன்றவில்லை, அவர்கள்தான் நம்மைப் பார்க்கிறார்கள். என் 57 அங்குலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலிருந்து கயிறு விட்டேன்.

கலைஞர்களில் ஒருவர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மெல்லிய தாளை விரித்து, பென்சில் கரியால் தேய்த்துத் தேய்த்து முப்பதடி நீளத்துக்கு எடுத்திருந்தார். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பார்கள். பளபளப்பு கண்ணாடி தருவது. தேய்ந்த இடங்களில் தாள் வெளுத்திருந்தது. அடுப்படி வாசலில் ரொம்ப வெளுப்பு. வந்ததில் எனக்கு நிஜமாகப் பிடித்தது இதுதான். இன்னொருவரின் வீடியோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முற்றத்து வெளிச்சத்தில் மாலை ஆறு மணி வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

மற்றொருவர் செய்தது ஒலி. பரணில் கிடைத்த ஒரு பழைய கல்யாணச் சாமான் பட்டியலை ஊரில் இருக்கும் ஓர் ஆச்சியைப் படிக்க வைத்துப் பதிவு செய்திருந்தார். வெள்ளிச் சொம்பு இரண்டு, எனாமல் தூக்கு பன்னிரண்டு, கொட்டான் இருபத்தைந்து என்று நாற்பது நிமிஷம். ஆச்சியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதை இருட்டறையில் வைக்க வேண்டும் என்றார். இருட்டறை பூட்டிக் கிடந்தது. ஒலிப்பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்தோம்.

திறப்பன்று சென்னையிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். மறுநாள்தான் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பார்க்க வந்தது வீட்டை. முகப்பைத் தாண்டி இதுவரை நுழைந்ததில்லை என்று பலர் சொன்னார்கள். பின்வாசல் வழியாகவே முப்பது வருஷம் தண்ணீர் சுமந்த ஓர் அம்மா, வளவு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, "இம்புட்டு வெளிச்சமா உள்ள இருந்துச்சு?" என்றார். கரித்தாளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அடுப்படி வாசலை அப்படித் தேய்த்த கால்களில் அவருடையதும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார், விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ச் செட்டியார் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு சாண் நீளச் சாவி. படங்களை விட்டுவிட்டு நேரே மேலே பார்த்தார்.

"அப்பத்தா படம் எங்க?"

கரித்தாளின் ஒரு முனைக்குக் கொக்கி போதாமல் ஒரு படத்தைக் கழற்றித் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். நாற்பது படங்களில் ஒன்று, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுதான். ஒன்றும் பேசாமல் ஏணியை எடுத்து வந்தேன். தாளை அவிழ்த்துத் தாழ்வாரத் தூணுக்கு மாற்றினேன். அப்பத்தாவைத் திரும்ப ஏற்றும்வரை அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் சாயட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அறையைத் திறந்தார். வௌவால் வாடை. ஒலிப்பெட்டியை உள்ளே வைக்கலாமா என்று கேட்டேன். வையுங்கள் என்று கை காட்டிவிட்டு அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஆச்சியின் குரல் பித்தளைச் சாமான்களில் இருந்தது.

"இதுல பாதி காரைக்குடிக் கடைத்தெருவுக்குப் போயிருச்சு, ஆத்தா. எல்லாத்துலயும் எங்க விலாசம் வெட்டியிருக்கும்."

வெளியே கார் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். இவர் எழுந்திருக்கவில்லை. பட்டியல் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து மறுபடி போடச் சொன்னார்.