கனத்தை முதலில் இறக்குங்கள்

மரத்தைக் கவாத்து செய்யக் கிளம்புகிறவர்கள் ரம்பம் கூராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், மழுங்கிய ரம்பத்தை அழுத்தி அழுத்தி இழுக்கும்போதுதான் அது துள்ளிக் கிளையைப் பிடித்திருக்கும் கைமேல் பாயும். ஆனால் நான் அதைவிட அதிகம் பயப்படுவது கிளையின் கனத்துக்கு. பச்சைக் கிளையில் பாதிக்குப் பாதி தண்ணீர், ஒல்லியாகத் தெரிந்தாலும் நன்றாகக் கனக்கும். நுனியில் தழை அடர்ந்திருந்தால் அறுத்து முடிப்பதற்குள் தன் பாரத்திலேயே முறிந்து, தண்டின் பட்டையையும் நார் நாராக உரித்துக்கொண்டு இறங்கிவிடும்.

அதனால் கட்டை விரலைவிடத் தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள், மூன்றாகப் போடுங்கள். முதல் வெட்டு கீழிருந்து: தண்டிலிருந்து சுமார் 1 அடி தள்ளி, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை. ரம்பம் இறுகத் தொடங்கினால் அதற்கு முன்பே நிறுத்திவிடலாம். அடுத்தது மேலிருந்து, முதல் வெட்டுக்கு 2 அங்குலம் வெளியே. கிளை விழும், கிழிசல் கீழ்வெட்டோடு நின்றுவிடும். இனி பாக்கி ஒரு குட்டைக் கட்டைதான், அவசரமே இல்லை. கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை லேசாகப் புடைத்திருக்கும், விரலால் தடவினால் தெரியும், அந்தப் புடைப்பைத் தொடாமல் அதை ஒட்டி வெளியே அறுங்கள். புதுப் பட்டை அங்கிருந்துதான் வளர்ந்து வெட்டுவாயை வளையம்போல் மூடும். தண்டோடு மட்டமாக வழித்துவிட்டால் காயம் பெரிதாகி உள்ளே அழுகல் இறங்கும். பெயின்ட், தார் எதுவும் பொதுவாகத் தேவையில்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர், பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்பதை அப்படித்தான் காட்டினார்.

சரி, உங்கள் பாதுகாப்பு. கண்ணாடி போடாமல் அண்ணாந்து அறுக்கவே கூடாது, மரத்தூள் நேராகக் கண்ணில்தான் கொட்டும். நீளக்கம்பு ரம்பம் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும், கிளைக்கு நேர் கீழே நிற்காமல் சாய்வாகத் தள்ளி நில்லுங்கள். விழும் கிளை நேராக விழும் என்று நம்பாதீர்கள், பக்கத்துக் கிளையில் பட்டுத் திரும்பி வரும், தரையில் நுனி குத்தி அடிப்பக்கம் உதைக்கும். அறுக்கத் தொடங்குவதற்கு முன்பே பின்வாங்க ஒரு வழியைச் சுத்தம் செய்து வையுங்கள்.

ஏணியில் நின்று ரம்பம் இழுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், பாரம் போனதும் ஏணி சாய்ந்திருந்த கிளையே மேலே எழும்பிவிடும். அப்புறம் மின்கம்பி. கம்பிக்கு அருகில் போகும் கிளையை நீங்கள் தொடவே வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மரக்கம்புதானே என்றும் நினைக்காதீர்கள், ஈரமாக இருந்தால் அதிலும் மின்சாரம் பாயும்.