பதிவு இருக்கிறது, பிராசஸரோ 'இல்லை' என்கிறது

மூன்று ராத்திரித் தூக்கத்தைத் தின்ற பிழை இன்று விடியற்காலை பிடிபட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

வழக்கமான பிசி பிராசஸர் வகையான எக்ஸ்86-இல் நன்றாக ஓடிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரலை, ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகை பிராசஸர் உள்ள போர்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த பிராசஸரைப் போல நடிக்கும் மென்பொருளான க்யூஎமுவில் பிரச்சினையே இல்லை. போர்டில் மட்டும், புதிதாக மேப் செய்த (நினைவகப் பக்கத்தோடு இணைத்த) முகவரியைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட், அதாவது அந்தப் பக்கத்தை அணுக முடியவில்லை என்ற பிழை. அதுவும் பத்து தடவை பூட் செய்தால் ஒரு தடவைதான். எந்த முகவரி எந்தப் பக்கம் என்று சொல்லும் அட்டவணைதான் பேஜ் டேபிள்; ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 அமைப்பில் அதற்குள்ள 3 நிலைகளிலும் இறங்கி ஒவ்வொரு பதிவாக அச்சிட்டுப் பார்த்தேன். கடைசிப் பதிவில் வேலிட் பிட் (பதிவு செல்லுமா என்ற குறி) 1 என்று பளிச்சென்று நிற்கிறது. பிராசஸரோ அப்படி ஒரு பக்கமே இல்லை என்று சாதிக்கிறது.

விஷயம் இதுதான். பேஜ் டேபிளில் பார்த்த பதிவுகளை பிராசஸர் டிஎல்பி என்ற சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். எக்ஸ்86-இல் 'இல்லை' என்ற பதிவை டிஎல்பி நினைவில் வைக்காது. புதுப் பக்கம் சேர்த்த பிறகு அதைத் துடைக்க வேண்டியதில்லை. ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி 'இல்லை' என்பதையும் பிராசஸர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதிவை எழுதிய கையோடு பழைய நினைவைத் துடைக்கும் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ கட்டளையைக் கொடுக்க வேண்டும். என் நிரலில் அது இல்லை. சேர்த்தேன். ஆனால் அந்தக் கட்டளை ஓடுகிற கோருக்கு (பிராசஸருக்குள் உள்ள தனி இயங்கு அலகு) மட்டும்தான் செல்லும், மற்ற கோர்களுக்குத் தனியாகச் சொல்லியனுப்ப வேண்டும். அதையும் எழுதினேன்.

அப்புறம் 200 தடவை பூட் செய்துவிட்டேன். ஒரு தடவைகூட விழவில்லை!

அடுத்து இதே நிரலை ஆர்ம்64 என்ற மற்றொரு பிராசஸர் வகைக்கு மாற்ற வேண்டும். அங்கே பெரிய பக்கத்தைப் பிரிக்க, பழைய பதிவை முதலில் அழித்து, டிஎல்பியைத் துடைத்து, அதன் பிறகே புதியதை எழுத வேண்டும். நாளை அந்தக் கோப்பைத் திறக்கிறேன்.