கடற்கரையில் கரப்பந்துப் போட்டி வைக்க அனுமதி கேட்டபோது

கடற்கரை விளையாட்டுகளை வளர்த்தால் வெளியூர்ச் சனம் வரும், ஊருக்கு வருமானம் வரும் என்று திருகோணமலையில் உள்ளூராட்சிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் எங்கள் கழகமும் கடற்கரைக் கரப்பந்துப் போட்டி வைக்க இறங்கியது. கரப்பந்து நாட்டின் தேசிய விளையாட்டு; அணிகள் சேர்வதில் கஷ்டமே இருக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் லேசாகக் கிடைத்தது.

கடற்கரை மணலில் போட்டி நடத்துவதற்கான அனுமதிதான் இழுத்தடித்தது. கந்தோரில் கடிதத்தை வாங்கி வைத்தார்கள். பிறகு போனால் பொறுப்பான உத்தியோகத்தர் களவேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த தடவை கடிதமே கோப்பில் இல்லை. நல்லவேளை, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருந்தோம். அதைக் காட்டிய பிறகுதான் தேடி எடுத்தார்கள். யாராக இருந்தாலும் முத்திரை இல்லாமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

அப்புறம்தான் கேட்டார்கள்: "கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதம் எங்கே?"

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கிழக்கில் கடல் அடங்கிக் கிடப்பது சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும்தான். உல்லாசப் பயணிகள் வருவதும், கரைவலை இழுப்பதும் அதே மாதங்களில்தான். வலையின் இரண்டு கயிறுகளையும் தள்ளித் தள்ளி நின்று இழுக்க நீளமான கரை வேண்டும். அவர்களைக் கேட்காமல் அங்கே கம்பம் நட்டால் அவர்களின் பிழைப்பில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

சங்கத் தலைவரிடம் போனோம். "விடியப்பாடு (விடியற்காலை வலை இழுப்பு) முடியட்டும் தம்பி, ஒன்பது மணிக்குப் பிறகு விளையாடுங்கோ. கயிறு இழுக்கிற பக்கம் மட்டும் வராதேங்கோ" என்று சொல்லி, அன்றே கையெழுத்தும் போட்டுத் தந்தார். கந்தோரில் வாரக்கணக்கில் நடக்காதது ஒரு பின்னேரத்தில் முடிந்தது.

அனுமதி வந்தபோது பாடசாலை விடுமுறை முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து அணி விலகியது. அவர்களுக்காக உப்புவெளியில் பிடித்திருந்த அறைகளும் கைவிட்டுப் போயின. ஊருக்கு வரவேண்டிய காசு இப்படித்தான் போகிறது. போட்டியைப் பின்னுக்குத் தள்ளவும் வழியில்லை. ஐப்பசியில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கிவிடும். உள்ளூர் அணிகளோடு நடத்தினோம், கரை நிறையச் சனம் நின்று பார்த்தது.

என்னென்ன கடிதங்கள் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கந்தோர் வாசலில் ஒட்டச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த முறைக்கான விண்ணப்பத்தை மாசியிலேயே கொடுப்போம், சங்கத்தின் கடிதத்தை மேலே வைத்து.