தேன் பாட்டிலுக்கு ஒரு பெட்டி

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் என் சித்திக்காக, கல்லூரி டிசைன் ஸ்டுடியோவில் தேன் பாட்டில் வைக்கும் ஒரு அட்டைப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக இதே நினைப்புதான்.

பாட்டிலின் அகலம் 60 மி.மீ. பெட்டிக்கும் அதே 60 போட்டேன். திரையில் அழகாக இருந்தது. வெட்டி ஒட்டினால் பாட்டில் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. அட்டைக்கும் தடிமன் உண்டு என்று அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது. அப்புறம் அட்டையின் இழை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசை. மடிக்கும் இடத்தில் முதலில் கோடு அழுத்தாமல் இழைக்குக் குறுக்கே மடித்தால், அச்சடித்த நிறம் வெடித்து வெள்ளை எட்டிப் பார்க்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்பக்கம்தான். 14 இலக்க உணவு உரிம எண், நிகர எடை, விலை, பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. தேனீ தருவதுதான், ஆனாலும் விதிப்படி பாலைப் போலத் தேனும் சைவம்!

எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்திலும் விற்க வேண்டும். நல்லவேளை, 'தேன்' இரண்டு மொழிக்கும் ஒரே சொல். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் மலையாள எழுத்து.

சித்தி மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நனைஞ்சா தாங்குமா மக்களே?"

சரி, நாளைக்கு லேமினேஷன் போட்ட அட்டையில் வெட்டிப் பார்க்கிறேன்.