காற்றாடிமலைக்கு நான் கோபத்தோடுதான் போனேன்

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. ரோமில் நடந்த திருப்பலியை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம பக்கத்து ஆள், நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கிறார். குருவும் இல்லை, துறவியும் இல்லை, கல்யாணம் செய்து குடும்பம் நடத்திய மனிதர், இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்கள். அவர் பரிந்துரையால் நடந்த புதுமையை, அதாவது அற்புதத்தைப் பற்றி நடுவில் சொன்னார்கள். வயிற்றுக்குள்ளேயே உயிர் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொன்ன ஒரு குழந்தை பிழைத்துக்கொண்டதாம்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் எங்கள் குழந்தை போயிருந்தது. ஏழாம் மாதம். ராத்திரியிலிருந்து அசைவு தெரியவில்லை என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்கேன் எடுத்த அம்மா ஒன்றும் பேசாமல் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சில மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதரையும் கூப்பிட்டேன். தேவசகாயத்தையும்தான்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது, அது பாட்டுக்கு நெஞ்சு கல்லாகக் கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டது. பால் வற்றுவதற்காக அத்தை உதிரி மல்லிகை வாங்கிவரச் சொல்லி, வெள்ளைத் துணியில் பரப்பி, மார்போடு வைத்து இறுக்கிக் கட்டினார்கள். ராத்திரிக்கு ஒருதரம் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுசு. வாடி, பழுப்பேறி, பால் நனைந்து கசங்கிப்போன அந்தப் பூவை நான் பார்த்துவிடக் கூடாது என்று தாளில் சுருட்டிக் கொண்டுபோவார்கள். நான் பார்த்தேன். அதற்கப்புறம் மல்லிகை வாசம் வந்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் அதே பேச்சு. எல்லாம் நன்மைக்கே. கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும். இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்மா, போகப்போகத் தெரியும். தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஜெபமாலையை மட்டும் எடுக்கவே இல்லை, ஒன்றரை வருஷம்.

நான் பிழைத்து வீடு வந்ததற்காக அத்தை நேர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. 2023 ஜூலையில்தான் சொன்னார்கள், தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், வா தாயி என்று. சரி, அத்தைக்காகப் போவோம் என்று கிளம்பினேன். உள்ளுக்குள் வேறொரு கணக்கும் இருந்தது. அந்தப் புனிதர் முன்னால் நின்று கேட்டுவிட வேண்டும், அந்தப் பெண்ணின் பிள்ளைக்குச் செய்தீர்களே, என் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று.

பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு முதலில் வடக்கன்குளம். 1745 மே 14 அன்று நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர். லாசர் என்ற பெயருக்குத் தமிழ்தான் தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர், மேல்சாதிக்காரர், எல்லாரோடும் சமமாகப் பழகினார் என்பதும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. இதே வடக்கன்குளத்தில்தான் பிற்காலத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்தார்கள், 1910-இல்தான் அதை இடித்தார்கள். ரோமில் அறிவித்தபோது அவர் பெயரோடு இருந்த சாதிப் பெயரை விட்டுவிட்டதில் எனக்கு நிறைய சந்தோஷம்.

அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்றார், ஞானப்பூ என்று பெயர். கணவர் கொல்லப்பட்ட பிறகு இந்த ஊருக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்தார். கல்லறையும் இங்கேதான். அங்கே நின்றபோது முதன்முதலாக எனக்கு ஏதோ செய்தது. புனிதரின் மனைவி என்றால் என்ன, எத்தனை ராத்திரி தனியாக விழித்துக் கிடந்திருப்பார். அவருக்கு எந்தப் புதுமையும் நடக்கவில்லை. கணவர் திரும்பி வரவில்லை.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடியில் அந்தக் கணவாயில் அடிக்கிற காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. நான் ஏற்றிய மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை, மூன்றுதரம் பற்றவைத்தேன், மூன்றுதரமும் அணைந்தது. அத்தை சொன்னார்கள், வச்சிட்டு வா, அவருக்குத் தெரியும் யார் வச்சதுன்னு.

தேவசகாயத்தை 1749-இல் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு எருமைமேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் பாட்டி கதை சொல்வார். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். மூன்று வருஷம் இப்படியே. 1752 ஜனவரி 14 இரவு இந்த மலையில் வைத்துச் சுட்டார்கள். உடலைக் காட்டில் எறிந்துவிட, சில நாள் கழித்து மக்கள் மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்க் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

மலைமேல் மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவரைச் சுட்ட நேரம் மேலிருந்து ஒரு பாறை உடைந்து விழுந்து மணிபோல ஒலித்தது என்பது நம்பிக்கை. கல்லால் தட்டினால் இன்றைக்கும் மணிச் சத்தம்தான் கேட்கிறது. தட்டித் தட்டி அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. நானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன். முதலில் மெதுவாக. அப்புறம் எனக்கே தெரியவில்லை, கை வலிக்கிற அளவுக்கு ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தேன், வாய்விட்டு அழுதுகொண்டும் இருந்தேன். அந்தக் காற்றில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. கேட்க வேண்டும் என்று வந்ததை அங்கேதான் கேட்டேன். பதில் என்று எதுவும் வரவில்லை. ஆனால் கேட்டு முடித்தபோது, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கடவுளிடம் பேசியிருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது.

கீழே இறங்கி நாகர்கோவில் போகிற வழியில் தோவாளை. பூச்சந்தை. காரில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னேன், இவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றினார். அப்படியும் வாசம் உள்ளே வந்தது.

கோட்டாறில் கல்லறையைத் தொட்டு ஜெபித்துவிட்டு, கடைசியாகப் புலியூர்க்குறிச்சி. முட்டிடிச்சான் பாறையில், தாகத்தோடு அவர் கை முட்டியால் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்கிற சின்னக் குழியிலிருந்து எல்லோரும் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள், அத்தையும் பிடித்தார்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறைப் பூங்கா, பிள்ளைகள் மான் பார்க்க வருகிற இடம். உள்ளே கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயத்தில் டி லனாயின் கல்லறை, மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து.

டி லனாய் யார் என்றால், 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிறகு அதே ராஜாவின் படைக்கே தளபதி ஆனார், வலிய கப்பித்தான் என்பார்கள். மாடுகள் செத்து, விளைச்சல் போய், மனசு உடைந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். பிள்ளைகளை, சொத்தை, உடல்நலத்தை எல்லாம் ஒரேயடியாக இழந்த யோபு. ஊரை விட்டு, படையை விட்டு, தோற்றுப்போய்க் கிடந்த ஒருவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தக் கதை நீலகண்டனுக்கு ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதுவரை எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது பக்கத்துக் கல்லறையில் இருந்தது. அவருடைய மகன். களக்காட்டுச் சண்டையில் 1765-இல் இறந்தவன். யோபுவின் கதையைச் சொன்ன மனிதர், சொல்லிப் பல வருஷம் கழித்து, கேட்டவர் விசுவாசத்துக்காக உயிர்விட்டு மறைசாட்சியாகிப் போனதற்கும் அப்புறம், தன் பிள்ளையை இங்கே மண்ணுக்குள் வைத்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அந்தக் கதையை யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து யோபு ஆகமத்தைத் திரும்ப எடுத்தேன். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் இரண்டு விஷயம் புதுசாகப் பட்டது. ஒன்று, கடைசியில் சூறாவளிக்குள்ளிருந்து கடவுள் அத்தனை பேசுகிறார், ஆனால் ஏன் இப்படி நடந்தது என்று யோபுவுக்குச் சொல்லவே இல்லை. இன்னொன்று, அந்த நண்பர்கள் மூன்று பேர். ஏழு பகல் ஏழு இரவு தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி. காரணம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

என் துன்பத்துக்கு நோக்கம் இருக்கிறதா என்று இன்று யாராவது கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன், முழு மனசோடு நம்புகிறேன். ஆனால் அது என் கையில் கொடுக்கப்பட்ட தாள் இல்லை, விரித்துப் படித்துக் காட்ட. குளச்சலில் தோற்ற அன்று, இந்தத் தோல்வி எதற்கு என்று டி லனாய்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஞானப்பூ அம்மாளுக்கும் தெரியாது. ஜெபமாலையை மறுபடி எடுத்திருக்கிறேன். சில நாள் பாதியில் நின்றுவிடும், அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடருவேன்.

போன தவக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அதேபோல் ஆகிவிட்டது. எட்டாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கார அக்கா வழக்கம்போல எத்தனை முழம் என்று கேட்டார். கட்டின பூ வேண்டாம், உதிரி கால் கிலோ கொடுங்கள் என்றேன். வெள்ளைத் துணி வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அவள் அம்மா கதவைத் திறந்து, என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே கூட்டிக்கொண்டுபோனார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்து, பூவைப் பரப்ப ஆரம்பித்தேன்.