சீட்டு எறியும் பார்ட்: எட்டாம் லெவல் வரை செய்து பார்த்தது

பாத்ஃபைண்டர் என்பது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு, பல மேசைகளுக்கும் பொதுவாக ஒரே விதியில் அதை நடத்தும் அமைப்பு பாத்ஃபைண்டர் சொசைட்டி. அதில் நான் வளர்த்துவரும் சீட்டு எறியும் பார்ட் (பாட்டும் மந்திரமும் தெரிந்தவன்) எட்டாம் லெவலைத் தொட்டுவிட்டான். ஒரு சுற்றில் மூன்று சீட்டு பறக்கிறது. இந்த மாதிரிப் பாத்திரம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதியில் கைவிடுகிறவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். அதனால் எந்த லெவலில் என்ன எடுத்தேன், ஏன் எடுத்தேன், மேசையில் அது எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். எல்லாமே முதல் பதிப்பு விதிகள். 2019-இல் இரண்டாம் பதிப்பு வந்ததோடு முதல் பதிப்புக்குப் புது சினாரியோக்கள் (ஒரே அமர்வில் ஆடி முடிக்கும் கதைகள்) வருவது நின்றுவிட்டது. ஆனால் பத்து சீசனுக்கு மேல் சேர்த்து வைத்த சினாரியோக்கள் இருக்கின்றன, அவற்றை ஆட ஆட்களும் இருக்கிறார்கள்.

வீட்டு நண்பர்களோடு ஆடும்போது சீட்டு மந்திரவாதி ஒரு பிரச்சினையே கிடையாது. ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மிடம் கேட்டால் "சரி, டார்ட்டுக்குப் பதில் சீட்டுன்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிடுவார், வேலை முடிந்தது. சொசைட்டியில் அது நடக்காது. ஒரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு மேசை போகிறோம். இன்றைக்கு நடத்தும் ஜிஎம்மை நாளைக்குப் பார்க்கவே மாட்டோம். வீட்டு விதி கூடாது. டார்ட் என்ற எறியும் குட்டி அம்பு டார்ட்டாகவே இருக்க வேண்டும், சீட்டு எறிய வேண்டுமானால் அதற்கென்று அச்சிட்ட விதி வேண்டும். அந்த விதி உள்ள புத்தகம் நம்மிடம் சொந்தமாக இருக்க வேண்டும், அனுமதிப் பட்டியலிலும் அந்தக் குறிப்பிட்ட அம்சம் இருக்க வேண்டும்.

அந்த விதி 2014-இல் பாத்ஃபைண்டரின் பதிப்பகமான பைசோ வெளியிட்ட 'தி ஹாரோ ஹேண்ட்புக்' என்ற சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் உள்ள டெட்லி டீலர் என்ற ஃபீட்தான் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் தனித்திறமை) என் பாத்திரத்தின் முதுகெலும்பு. சீட்டை டார்ட் போலவே எறியலாம்: அதே டேமேஜ், அதே தூரம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆயுதத்தில் மந்திர சக்தி ஏற்றும் ஆர்கேன் ஸ்ட்ரைக் ஃபீட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அட்டை. எறிந்த சீட்டு அழிந்துபோகும். ஹாரோ சீட்டு என்றால் மாஸ்டர்வொர்க் ஆயுதமாகக் கணக்கு, அதாவது தாக்குதலுக்கு 1 கூடும். ஆனாலும் அழியத்தான் செய்யும். ஃபீட்டை எடுக்க ஆர்கேன் ஸ்ட்ரைக் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் என்ற கைவித்தைத் திறனில் 5 ரேங்க் (பயிற்சிப் புள்ளி) வேண்டும். ஒரு லெவலுக்கு ஒரு ரேங்க்தான் போட முடியும் என்பதால் ஐந்தாம் லெவலுக்கு முன் இது கிடைக்காது.

ஹாரோ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்ஃபைண்டர் உலகத்தில் வரிசிய மக்கள் குறி சொல்லப் பயன்படுத்தும் சீட்டுக்கட்டு அது. சுத்தியல், சாவி, கேடயம், புத்தகம், நட்சத்திரம், கிரீடம் என்று ஆறு இனம். ஆறும் பாத்திரத்தின் ஆறு ஆற்றல்களுக்கு (பலம், கைவேகம் போன்றவை). ஒவ்வோர் இனத்திலும் நன்மை தீமை, ஒழுங்கு குழப்பம் எனக் கலந்து வரும் ஒன்பது அறநிலைக்கு ஒன்பது சீட்டு, மொத்தம் 54. நிஜமாகவே அச்சிட்டும் விற்கிறார்கள். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் ஆசை வந்ததே அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான்.

சரி, எந்த வகுப்பு (பாத்திரத்தின் தொழில்)? முதலில் கண்ணில் படுவது அதே புத்தகத்தில் உள்ள கார்டு கேஸ்டர். வாளும் மந்திரமும் கலந்த மேகஸ் வகுப்பின் கிளை அது. மந்திரத்தை எறியும் ஆயுதத்தில் ஏற்றி அனுப்பலாம். அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு எறிதலிலும் இரண்டு மூன்று விதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். தெரியாத ஜிஎம்மிடம் நான்கு மணி நேர சினாரியோவுக்கு நடுவில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. சீட்டு எறிவது ஒரு வேலை, மந்திரம் போடுவது இன்னொரு வேலை என்று பிரித்து வைக்க நினைத்தேன். அதனால் பார்ட். ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் அவர்களுடைய வகுப்புத் திறன். ஆர்கேன் மந்திரம் உண்டு, அதனால் ஆர்கேன் ஸ்ட்ரைக் எடுக்கலாம். டார்ட் எளிய ஆயுதம், அதில் பயிற்சியும் உண்டு. இன்ஸ்பயர் கரேஜ் என்ற ஊக்கப் பாட்டைப் பாடினால் தாக்குதலும் டேமேஜும் சேர்ந்தே ஏறும். அது எனக்கு மட்டுமில்லை, மேசையில் உள்ள எல்லோருக்கும் ஏறும். 4 முகப் பகடை உருட்டும் ஆயுதத்துக்கு இப்படி ஒட்டிக்கொள்ளும் நிலையான எண்கள்தான் உயிர்.

இங்கேதான் நிறைய யோசித்தேன். சீட்டைக் கட்டிலிருந்து உருவ எவ்வளவு நேரம் ஆகும்? அம்பு மாதிரி என்றால் உருவுவதற்குத் தனி ஆக்‌ஷன் தேவையில்லை. எறியும் கத்தி மாதிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்வுக்கான நேரம், அதாவது ஒரு மூவ் ஆக்‌ஷன், சட்டென உருவ விடும் குயிக் ட்ரா ஃபீட் இருந்தால்தான் சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் எறிய முடியும். ஃபீட்டின் ஒரு வரி சீட்டை டார்ட் என்கிறது. மந்திர மேம்பாடு பற்றிய இன்னொரு வரி, கட்டை 54 எறிபொருள் கொண்ட ஆயுதம் போலப் பார்க்கிறது. இரண்டையும் காட்டி வாதாடலாம். ஒரு ஜிஎம் ஒப்புக்கொள்வார், அடுத்த வாரம் இன்னொருவர் மாட்டார்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட ஒரே விதி இது: மிகக் கறாரான வாசிப்பிலும் பாத்திரம் முழுதாக வேலை செய்ய வேண்டும். சாதகமான வாசிப்பு கிடைத்தால் நல்லது, அதை நம்பி ஒரு ஃபீட்கூட எடுக்கக் கூடாது. சொசைட்டியில் விசித்திரப் பாத்திரம் செய்ய நினைக்கும் யாரிடமும் இதைத்தான் சொல்வேன். விதியில் நமக்கு லாபமான ஓட்டையைத் தேடித் தேடிக் கட்டிய பாத்திரங்கள் மேசையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், கூட ஆடுகிறவர்களின் நேரமும் அதில் போகிறது.

கறாரான வாசிப்பு என்றால் குயிக் ட்ரா கட்டாயம். அதற்கு அடிப்படைத் தாக்குதல் போனஸ் 1 வேண்டும். பார்ட்டுக்கு முதல் லெவலில் அது 0. அதனால் முதல் லெவலை மட்டும் ஃபைட்டராக எடுத்தேன். மனிதன், ஃபைட்டர் 1: பாயிண்ட் பிளாங்க் ஷாட் (கிட்டத்தில் எறிந்தால் கூடுதல்), ப்ரிசைஸ் ஷாட் (கைகலப்பில் இருப்பவர் மேலும் தடையின்றி எறியலாம்), குயிக் ட்ரா மூன்றும் முதல் நாளே வந்துவிட்டன. இரண்டாம் லெவலிலிருந்து பார்ட். மூன்றில் ஆர்கேன் ஸ்ட்ரைக், ஐந்தில் டெட்லி டீலர், ஏழில் ரேபிட் ஷாட் (ஓர் எறிதல் கூடுதல்). ஆற்றல்களுக்குச் சொசைட்டி தரும் 20 புள்ளியில் பாதியை டெக்ஸ்டெரிட்டியில் (கைவேகம்) போட்டேன்: 16 வாங்கி, மனிதனின் 2 சேர்த்து 18. கரிஸ்மா 14, ஸ்ட்ரெங்த் 12, கான்ஸ்டிட்யூஷன் 12. ஸ்ட்ரெங்த்தை விட்டுவிடாதீர்கள், எறியும் ஆயுதத்தின் டேமேஜில் அது சேரும்.

ஃபைட்டர் லெவலுக்கு விலை உண்டு. ஐந்தாம் லெவலில் முழு பார்ட்டாக இருந்தால் இன்ஸ்பயர் கரேஜ் 2, ஆர்கேன் ஸ்ட்ரைக் 2. ஒரு சீட்டின் சராசரி டேமேஜ் 8.5. எனக்கு இரண்டும் 1 தான், ஆக 6.5. தாக்குதல் போனஸ் இருவருக்கும் 11. ஆறாம் லெவலில் இந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. ஏழாம் லெவலில் நான் முந்துகிறேன்: குயிக் ட்ராவும் ரேபிட் ஷாட்டும் சேர்ந்து கையில் இருப்பதால் சுற்றுக்கு இரண்டு சீட்டு, இரண்டுக்கும் போனஸ் 11, டேமேஜ் தலா 8.5. மந்திரங்கள் ஒரு லெவல் தாமதமாக வருவதுதான் உண்மையான நஷ்டம். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் நான்கு லெவல் சாதாரண டார்ட்தான். இந்தக் காலம் வீண் என்று நினைக்க வேண்டாம். டார்ட்டின் தூரம் 20 அடி. அதைத் தாண்டினால் 2 குறையும். பாயிண்ட் பிளாங்க் ஷாட் 30 அடி வரை உதவும் என்றாலும், உண்மையில் நமக்குள்ள களம் 20 அடிதான். வில்லாளி மாதிரி அறையின் ஓரத்தில் நிற்க முடியாது. முன்னணி வீரனுக்கு ஒரு கட்டம் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, எதிரி நெருங்கினால் 5 அடி பின்வாங்கி எறிய வேண்டும். இது கை பழகுவதற்குள் ஐந்தாம் லெவல் வந்துவிடும். அப்போது டார்ட்டை வைத்துவிட்டுச் சீட்டை எடுத்தால் ஆட்டம் அப்படியே தொடர்கிறது.

ஆர்கேன் ஸ்ட்ரைக் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே ஒன்று கிடைக்கும் ஸ்விஃப்ட் ஆக்‌ஷனைத் தின்றுவிடுகிறது. ஆகவே ஸ்விஃப்ட் ஆக்‌ஷன் கேட்கும் எந்தப் பொருளையும் மந்திரத்தையும் இந்தப் பாத்திரத்துக்கு வாங்கவே கூடாது. பதிலுக்கு, எறியும் சீட்டு மந்திர ஆயுதமாகக் கணக்காகும். மந்திர ஆயுதம் அல்லாத அடியைக் குறைக்கும் சேதத் தடுப்பு நம்மைத் தடுக்காது. ஆனால் வெள்ளி, கோல்டு அயர்ன் (cold iron, ஒரு தனி வகை இரும்பு) கேட்கும் தடுப்புகள் அப்படியே நிற்கும். கோல்டு அயர்ன் டார்ட் ஒன்று 1 பொற்காசுதான். பத்து வாங்கி வைத்திருக்கிறேன். டார்ட்டுக்கும் இதே ஃபீட்களெல்லாம் பொருந்துகின்றன. எலும்புக்கூடுகள் வந்தால் கதை வேறு: அவற்றுக்கு மழுங்கிய ஆயுதம் தவிர மற்றவற்றில் 5 குறையும், சீட்டு குத்தும் ஆயுதம். ஆறாம் லெவலில் ஒரு கல்லறை சினாரியோவில் கட்டை இடுப்பில் செருகிவிட்டு, பாட்டைப் பாடிக்கொண்டே கவண் சுற்றினேன். பூச்சிக் கூட்டத்துக்கு ஆல்கமிஸ்ட்ஸ் ஃபயர் (எறிந்தால் தீப்பற்றும் திரவம்), 20 பொற்காசு, இரண்டு குடுவை எப்போதும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த மேம்பாட்டு விஷயம். டெட்லி டீலர் ஃபீட் உள்ள மந்திரக்காரர் சீட்டுக்கட்டை மந்திர ஆயுதமாக மேம்படுத்தலாம், அந்த ஃபீட் உள்ளவர் மட்டுமே செய்யலாம் என்று விதி சொல்கிறது. சொசைட்டியில் மந்திரப் பொருள் செய்யும் ஃபீட்களே கிடையாது. அப்படியானால் மேம்படுத்திய கட்டைக் கடையில் வாங்க முடியுமா? என் விதிப்படி இங்கேயும் கறாரான பதிலையே எடுத்துக்கொண்டேன்: மாஸ்டர்வொர்க்கோடு நிறுத்தியாயிற்று. அந்தக் காசு கவசத்துக்கும் காப்பு மேலங்கிக்கும் போனது, உயிரோடு இருப்பதற்கு அது உதவியிருக்கிறது.

மேசையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நிஜக் கட்டு. அச்சிட்ட ஹாரோ கட்டை என் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். எறியும்போது மேலிருந்து ஒன்றை எடுத்து, பெயரைச் சொல்லி ஒதுக்கி வைப்பேன். தி பேர், தி லாக்ஸ்மித், தி மியூட் ஹேக். எண்ணிக்கைக்குத் தனித் தாள் வேண்டாம், ஒதுக்கியது எவ்வளவோ அவ்வளவு செலவு. சினாரியோ முடிந்து குரோனிக்கிள் தாள் என்ற ஆட்டப் பதிவை எழுதும்போது ஜிஎம்மிடம் அதையே காட்டிவிடலாம். கூட ஆடுகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் அடுத்து என்ன சீட்டு என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு முறை என்னுடைய கடைசி எறிதலுக்கு தி சைக்ளோன் வந்தது, பகடையில் 20 விழுந்தது. மேசையே சத்தம் போட்டது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: சீட்டு குறைந்த கட்டை வைத்துக் குறி சொல்ல முடியாது. பாத்திரம் குறியும் சொல்வான் என்றால் அதற்கென்று தொடாத கட்டு ஒன்று அவன் பையில் தனியாக இருக்க வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு 2023-இல் வந்த 'தி புக் ஆஃப் மெனி திங்ஸ்' புத்தகத்தில் கார்ட்டோமேன்சர் என்ற ஃபீட் உண்டு. நீண்ட ஓய்வு முடிந்ததும் ஒரு மந்திரத்தைச் சீட்டில் ஏற்றி வைத்து, பிறகு போனஸ் ஆக்‌ஷனில் அதை வீசலாம். மந்திரத்தின் லெவல் நம் ப்ரொஃபிஷியன்சி போனஸைத் தாண்டக் கூடாது. வாசகம் தெளிவாக இருக்கிறது, உருவுவது பற்றிய இந்தச் சண்டையெல்லாம் எழவே எழாது. ஆனால் நாளுக்கு ஒரு சீட்டுதான். எனக்குக் கட்டு கரைய வேண்டும்.

இப்போது எட்டாம் லெவல். டெக்ஸ்டெரிட்டி 20 ஆகிவிட்டது. பாட்டும் மாஸ்டர்வொர்க்கும் எல்லாம் சேர்த்து முழுத் தாக்குதலில் 13, 13, 8 என்று மூன்று சீட்டு. பார்ட் 7 ஆனதால் பாட்டை மூவ் ஆக்‌ஷனில் தொடங்கலாம். அதாவது முதல் சுற்றிலேயே பாட்டு, ஆர்கேன் ஸ்ட்ரைக், ஒரு சீட்டு மூன்றும் முடியும். எல்லோரையும் வேகப்படுத்தும் ஹேஸ்ட் மந்திரமும் இப்போதுதான் கிடைத்தது. அதைப் போட்டால் நான்காவது சீட்டு வரும், முதல் சுற்றில் எறிய ஆக்‌ஷன் மிஞ்சாது. மேசையில் அடிக்கிற கைகள் மூன்றுக்கு மேல் இருந்தால் ஹேஸ்ட், இல்லாவிட்டால் சீட்டு என்று இப்போதைக்கு ஆடுகிறேன்.

ஒன்பதாம் லெவலுக்கு டார்ட்டுக்குத் தாக்குதலைக் கூட்டும் வெப்பன் ஃபோகஸ் ஃபீட் எடுக்கலாமா என்று யோசித்தேன். அது சீட்டுக்கும் செல்லுமா என்பதில் மறுபடி அதே இரண்டு வாசிப்பு வரும். அதனால் டெட்லி எய்ம்: தாக்குதலில் 2 குறைந்து டேமேஜில் 4 கூடும், எறிவது எதுவாக இருந்தாலும் பொருந்தும். நான்கு சீட்டும் பட்டால் 16 கூடுதல். அடுத்த லெவலுக்கு இன்னும் இரண்டு குரோனிக்கிள் தாள் பாக்கி.